ஓவியர் வரைந்ததை ஆடை வடிவமைப்பாளர் கேட்காமல் துணியில் போட்டு விற்றால், ஓவியருக்கு என்ன உரிமை இருக்கிறது?

கேள்வியோடு சேர்த்து இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள்: 1965-இல் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் யீவ் சான் லோரான், டச்சு ஓவியர் மோந்திரியானின் ஓவியக் கட்டங்களைக் கவுனாகத் தைத்ததை உலகமே கொண்டாடுகிறது, நம் ஊரில் ஒருவர் அதைச் செய்தால் மட்டும் ஏன் திருட்டு என்கிறார்கள் என்று. அதற்கும் வருகிறேன்.

நான் வக்கீல் இல்லை. பதினோரு வருடமாக ஈரோட்டில் துணிக்கு டிசைன் வரைகிறேன். இதில் எனக்குத் தெரிந்த சட்டத்தையெல்லாம் தேடிப் படிக்க வைத்தது ஒரு நைட்டி. அங்கிருந்தே சொல்கிறேன்.

எங்கள் அம்மிச்சி வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம் உண்டு. அதன் கொத்து ஒன்றை, இலையும் பழமுமாக, கறுப்பு மையில் வரைந்தேன். வரைய இரண்டு நாள்தான். அதை ரிப்பீட் ஆக்குவதற்கு, அதாவது ஒரு கொத்து முடிகிற இடமும் அடுத்தது தொடங்குகிற இடமும் தெரியாமல் சேர்ப்பதற்கு, பத்து நாளுக்கு மேல் ஆனது. பிரிண்டிங் பட்டறையில் ஸ்கிரீன் போட்டு, பருத்திப் புடவையில் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து விற்றேன். ஒன்றரை வருடத்தில் 64 புடவை போனது. எனக்கு அது பெரிய சந்தோஷம்.

ஒரு செவ்வாய்க்கிழமை நாத்தனாரோடு ஜவுளிச் சந்தைக்குப் போனேன். அவர் நைட்டி பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்கிலிருந்து கடைப் பையன் ஒன்றை உதறி விரித்தான். வேப்பங்கொத்து. முதலில் நான் நம்பவில்லை. வேப்பிலையை யார் வேண்டுமானாலும் வரையலாம்தானே. கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். என் படத்தில் இடது பக்கத்து மூன்றாவது பழத்துக்குக் காம்பு கிடையாது. அதை வரையும்போது மகள் கூப்பிட்டாள், எழுந்து போனேன், திரும்பி வந்து காம்பு போட மறந்துவிட்டேன். அச்சுக்குப் போன பிறகுதான் கவனித்தேன். அந்த நைட்டியிலும் மூன்றாவது பழம் காம்பில்லாமல் அந்தரத்தில் நின்றது.

"இது பம்பாய் டிசைன்க்கா, புதுசா வந்திருக்கு" என்றான் பையன். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஒரு நைட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். லேபிளில் ஒரு கம்பெனியின் பெயர் இருந்தது.

பார்க்கப் போன வக்கீல் அம்மா நைட்டியையும் என் மூலப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காம்பில்லாத பழத்தைக் காட்டியதும் சிரித்துவிட்டார். இதைவிடச் சாட்சி வேண்டுமா என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "நீங்க இதை எத்தனை புடவையில அடிச்சீங்க?"

"அறுபத்து நாலு மேடம். எல்லாமே வித்துப் போச்சு" என்றேன், பெருமையாக.

அவர் பேனாவை மூடி வைத்தார். 50-ஐத் தாண்டாமல் இருந்திருந்தால் நாளைக்கே நோட்டீஸ் அனுப்பியிருப்பேன் என்றார்.

உங்கள் கேள்விக்கான பதிலின் நடுமுள் இதுதான். இந்தியாவில் ஒரு ஓவியத்துக்குப் பதிப்புரிமை வரைந்த நிமிடமே வந்துவிடுகிறது. எங்கும் பதிய வேண்டிய கட்டாயமில்லை. ஓவியர் வாழும் காலமும் அதற்குப் பிறகு 60 ஆண்டுகளும் அது நிற்கும். ஆனால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவு ஒன்று சொல்கிறது: ஒரு பொருளின் மேல் போடுகிற டிசைனாகப் பதிவு செய்யத் தக்க ஒன்றை, டிசைன் சட்டத்தில் பதியாமல், அதன் உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 முறைக்கு மேல் தயாரித்துவிட்டால், அந்த டிசைன் மீதான பதிப்புரிமை முடிந்துவிடும். 51-வது புடவை ஸ்கிரீனிலிருந்து இறங்கியபோது என் உரிமையும் இறங்கிப் போயிருந்தது. எனக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

தாளில் இருக்கும் வேப்பங்கொத்து இன்றும் என்னுடையதுதான். அதை அச்சிட்டு யாராவது ஓவியமாக விற்றால் நான் கேட்கலாம். துணியில் போட்டால் கேட்க முடியாது. 2009-இல் மைக்ரோஃபைபர்ஸ் என்ற அமெரிக்க சோபாத் துணி நிறுவனத்தின் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இப்படித்தான் பிரித்தது. 2016-இல் பிரபல ஆடை வடிவமைப்பாளர் ரித்து குமாரின் நிறுவனம் பீபா என்ற ஆடை நிறுவனத்தின் மீது போட்ட வழக்கிலும் இதே 50 குறுக்கே வந்து நின்றது. ரித்து குமாருக்கே இந்தக் கதி என்று படித்தபோது எனக்கு ஆறுதல் வரவில்லை, பயம்தான் வந்தது. 2008-இல் இன்னொரு பெரிய வடிவமைப்பாளர் தருண் தஹிலியானியின் நிறுவனம் மட்டும் தப்பித்தது, அவர்கள் எந்த டிசைனையும் 50 எண்ணிக்கைக்குக் கொண்டுபோகவில்லை என்பதால். விலை உயர்ந்த உடையைப் பத்துப் பதினைந்து மட்டும் தைப்பவருக்கு இந்தச் சட்டம் குடை பிடிக்கிறது. ஐந்நூறு ரூபாய்ப் புடவை அடிப்பவரை நனைய விடுகிறது. இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். பிரான்சில் ஆடை, அணிகலன் படைப்புகளைப் பதிப்புரிமைச் சட்டமே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

இப்போது நீங்கள் கேட்டது: துணிக்காரராக இல்லாமல், வெறும் ஓவியராக இருந்தால்? அப்போது நிலைமை உங்கள் பக்கம் நன்றாகவே இருக்கிறது. மேலே சொன்ன 50 என்பது உரிமையாளர் அடித்த கணக்கு. திருடியவர் ஐயாயிரம் டி-சர்ட் போட்டாலும் அது உங்கள் உரிமையைத் தொடாது. நீங்கள் கேன்வாஸில் வரைந்ததை ஒருவர் கேட்காமல் குர்த்தாவில் போட்டால் அது சுத்தமான பதிப்புரிமை மீறல். தடை உத்தரவு கேட்கலாம், நஷ்டஈடு கேட்கலாம். தெருச் சுவரில் வரைந்த ஓவியமும் அப்படித்தான், பொது இடத்தில் இருப்பதால் ஊர்ச்சொத்து ஆகிவிடாது.

சுவர் என்றதும் சொல்லியாக வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. ரைம் என்ற பெயரில் வரையும் ஜோசப் டியர்னி 2012-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு கட்டடத்தின் முழுச் சுவரையும் நிறைத்து வரைந்தார், கட்டடக்காரர் அனுமதியோடு. 2015-இல் அந்தச் சுவர் மொஸ்கினோ என்ற இத்தாலிய ஆடை நிறுவனத்தின் கவுனாக வந்தது. வடிவமைப்பாளர் ஜெரமி ஸ்காட். பாடகி கேட்டி பெர்ரி நியூயார்க்கில் நடக்கும் மெட் காலா என்ற பெரிய ஃபேஷன் விழாவுக்கு அதை உடுத்திப் போனார். அதன் மேல் மொஸ்கினோ பெயரும், ரைமின் கையெழுத்துப் போலவே ஒரு போலிக் கையெழுத்தும் இருந்தன. அவரை அதிகம் வருத்தியது அந்தக் கையெழுத்தாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தெரு ஓவியர் ஒரு பெரிய பிராண்டுக்கு விலைபோய்விட்டார் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள் அல்லவா? அவர் வழக்குப் போட்டார். சுவர்க் கிறுக்கல் சட்டவிரோதம், அதற்கு ஏது பதிப்புரிமை என்று எதிர்த்தரப்பு வாதாடியது. அனுமதி வாங்கி வரைந்த சுவருக்கு இப்படி ஒரு வாதம்! கடைசியில் 2016-இல் சமரசமானது.

நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. டெல்லியில் பீப்பிள் ட்ரீ என்ற கடையை நடத்திய ஓவியர் ஒரிஜித் சென், யோகாசன உருவங்களை வைத்து ஒரு டிசைன் செய்திருந்தார். ராஜஸ்தானின் காலாடேரா கிராமத்து அச்சுக்காரர்கள் மரக்கட்டையில் அதைத் துணியில் அடித்துக் கொடுப்பார்கள். 2018 ஜனவரியில் எல் என்ற ஃபேஷன் இதழின் இந்தியப் பதிப்பு அட்டையில் நடிகை சோனம் கபூர், பாரிஸின் டியோர் நிறுவனத்தின் உடையில் வந்தார். உடையில் அதே யோகாசனங்கள். சென் அதைப் பொதுவெளியில் எழுதினார், அது பரவியது, அந்த ஆண்டே டியோர் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் செய்துகொண்டது. அந்தச் செய்தியை நான் பட்டறையில் உட்கார்ந்து படித்தேன். கட்டையை ஓங்கி அடித்து அடித்துக் காய்த்துப் போன கைகளை எனக்குத் தெரியும். அந்தக் கைகள் செய்ததைப் பாரிஸிலிருந்து ஒருவர் பேர் சொல்லாமல் எடுத்துக்கொண்டார் என்றால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சரி, மோந்திரியான். அவர் 1944-இல் இறந்துவிட்டார். சான் லோரான் கவுன் தைத்தபோது 21 வருடம்தான் ஆகியிருந்தது, பதிப்புரிமைக் காலம் முடியவில்லை. ஆகவே பழைய ஓவியம், யாருக்கும் சொந்தமில்லை என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஒரு வித்தியாசம் மட்டும் எனக்குத் தெரிகிறது: அந்த உடைகள் மோந்திரியான் பெயரிலேயே அறியப்பட்டன. கோடு யாருடையது என்பதில் ஒளிவுமறைவு இல்லை. அதற்கும் முன்னால் 1937-இல் ஆடை வடிவமைப்பாளர் எல்சா ஸ்கியாபரெல்லியின் வெள்ளைக் கவுனில் சிங்கிறால் படம் வந்தது. அதை வரைந்தவர் ஓவியர் சால்வடோர் டாலியேதான், இருவரும் சேர்ந்து செய்த வேலை. என்னைக் கேட்டால் இதுதான் சரியான வழி. ஓவியரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் செய்வதில் யாருக்கு என்ன குறைந்துவிடும்?

எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு: கலரை மாற்றி, ரெண்டு பூவைக் கூட்டிவிட்டால் அது காப்பி ஆகாது. இது பொய். பின்னால் வந்ததைப் பார்க்கிறவருக்கு இது முன்னதன் நகல் என்ற எண்ணம் சந்தேகமில்லாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என 1978-இலேயே ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இத்தனை சதவீதம் மாற்றினால் போதும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

தோடர் எம்பிராய்டரி, கோலாப்பூர் செருப்பு மாதிரி ஊருக்கே பொதுவானவை வேறு கணக்கு. அவற்றுக்கு இருப்பது புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ப் பொருள் என்ற அடையாளம். அது பெரும்பாலும் பெயரைத்தான் காக்கிறது. 2025 ஜூனில் பிராடா என்ற இத்தாலிய நிறுவனம் மிலானில் கோலாப்பூர் செருப்பைப் போன்ற ஒன்றைக் காட்டியபோது அந்தப் பெயரையே சொல்லவில்லை, பிடியும் வழுக்கிவிட்டது. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

துணிக்கு வரைகிறவர் யாராவது இதைப் படித்தால் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 50-ஐத் தாண்டும் என்று தோன்றினால் டிசைன் சட்டத்தில் முன்பே பதிந்துவிடுங்கள். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். பத்து ஆண்டு உரிமை கிடைக்கும், இன்னும் ஐந்து ஆண்டு நீட்டிக்கலாம். சென்னை கிண்டியில் இருக்கும் அலுவலகத்திலேயே கொடுக்கலாம், ஆன்லைனிலும் போடலாம். ஆனால் விண்ணப்பம் போகும் முன் அந்த டிசைன் வெளியே வந்திருக்கக் கூடாது. இன்ஸ்டாகிராமில் போட்டாலும், கண்காட்சியில் தொங்கவிட்டாலும், புதியது என்ற தகுதி போய்விடும். என் வேப்பங்கொத்தை நான் வரைந்த அன்றே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன்.

கூலிக்கு வரைந்து கொடுப்பவர்கள் எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் படத்தைக் கையிலிருந்து விடாதீர்கள். ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர் என்கிறது 17-வது பிரிவு. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிக்காமல் விட்டால் அது ஐந்து ஆண்டுக்குத்தான் என்று 19-வது பிரிவு சொல்கிறது. நமக்குச் சாதகமான இந்த வரி பாதிப் பேருக்குத் தெரியாது.

அந்த நைட்டிக் கம்பெனிக்கு நான் ஒரு கடிதம் மட்டும் எழுதினேன், பதில் வரவில்லை. நைட்டி என் அலமாரியில் இருக்கிறது. இப்போது மேசையில் புங்கம்பூ டிசைன் ஒன்று முடிந்து கிடக்கிறது. நாத்தனார்கூட இன்னும் பார்க்கவில்லை. விண்ணப்ப எண் வந்த பிறகுதான் பட்டறையில் ஸ்கிரீன் போடச் சொல்லப்போகிறேன்.