கதவு படார்னு சாத்துச்சா, படபடன்னு அடிச்சுதா?

கேள்வி: சிறுவர் கதை எழுதுறேன். "காற்றில் கதவு படபடவென மூடியது"ன்னு எழுதியிருந்தேன், படிச்ச தோழி ஏதோ இடிக்குதுன்னு சொல்றாங்க. சத்தத்தைக் குறிக்கிற வார்த்தையில கூட சரி தப்பு இருக்கா?

பதில்: இருக்குங்க, உங்க தோழிக்கு நல்ல காது. படபடன்னா விடாம திரும்பத் திரும்ப வர்ற சத்தம். கொக்கி போடாத ஜன்னல் காத்துல அடிச்சுக்கிறது படபட, பறவை சிறகடிக்கிறது படபட, ஆனா கதவு மூடுறது ஒரே தடவை, அதுக்கு படார்தான்.

இந்த 'பட'வையே கொஞ்சம் பாருங்க. பட்டுன்னு அடிச்சான், படக்குன்னு பிடுங்கினான், படார்னு சாத்தினான். முதல் பாதி அப்படியே இருக்கு, முடிவுதான் மாறுது, அதோட சத்தமே வேற ஆயிடுது. ட், க் வந்தா வெடுக்குன்னு நின்னுடும், ஆர் வந்தா வேகமும் கனமும் கூடிடும். சடக், சடார், சடசட, இதுவும் அதே கதைதான்.

இப்போ வாய்விட்டு 'டக்'னு சொல்லிட்டு அந்த க்-ஐ இழுத்துப் பாருங்க, முடியாது, ஏன்னா நாக்கோட பின்பகுதி காத்தை முழுசா அடைச்சிடுது. 'டங்'னு சொல்லி இழுங்க, மூக்கு வழியா காத்து போய்க்கிட்டே இருக்கறதால ரீங்காரம் மாதிரி நீளும். அதனாலதான் உலோகம் விழுந்தா ணங், மணி அடிச்சா டாங், மரக்கதவை விரலால தட்டினா டொக். உயிரெழுத்தையும் கவனிங்க, சின்ன மணிக்கு கிணிகிணி, பெருசுக்கு கணகண. இகரம் சொல்றப்போ வாய்க்குள்ள இடம் சுருங்குது, அகரத்துக்கு விரியுது. கூர்மையான உருவம் ஒண்ணு, உருண்டையான உருவம் ஒண்ணு காட்டி, கிகி, பூபான்னு அர்த்தமே இல்லாத ரெண்டு பேரைச் சொல்லி எது கிகி, எது பூபான்னு கேட்டா பெரும்பாலானவங்க கூர்மையானதைத்தான் கிகின்னு சொல்றாங்க, மூளை ஆய்வாளர்கள் விளையனூர் ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் 2001-ல இதைப் பத்தி எழுதியிருக்காங்க. ஒலிக்கும் உருவத்துக்கும் நடுவுல ஏதோ ஒட்டு இருக்கு, எனக்கு இது இன்னிக்கும் ஆச்சரியம்தான்.

இலக்கணம் ஒரே ஒரு விஷயம். "இரட்டைக் கிளவி இரட்டின் பிரிந்திசையா"ன்னு தொல்காப்பியம் சொல்லுது, அதாவது இப்படி இரட்டிச்சே வர்ற சொல்லைப் பிரிச்சா அர்த்தம் தராது. 'சலசல'வுல ஒரு 'சல'வை எடுத்துட்டா மிச்சத்துக்கு அர்த்தமே கிடையாது, அதனால பிரிக்காம சேர்த்தே எழுதுங்க. 'வா வா' அப்படி இல்ல, ஒரு வா-வும் தனியா நிக்கும், அது அடுக்குத்தொடர். இன்னொண்ணு, இரட்டிச்சு வர்றதெல்லாம் சத்தம்னு நினைச்சுடாதீங்க. பளபள, தகதக கண்ணுக்கு, வழவழ, சொரசொர கைக்கு. கண்ணை மூடினா காதுல கேக்குமான்னு யோசிங்க, கேக்கலைன்னா அது ஒலிக்குறிப்பு இல்ல.

நிறைய பேர் "படார் என்ற சத்தத்துடன்"னு எழுதுறாங்க. படார்லயே சத்தம் இருக்கு, மறுபடி சத்தம்னு சொன்னா அதிர்ச்சி போயிடும். உங்க வரியை நான் இப்படி எழுதுவேன்: "ஜன்னல் படபடவென அடித்துக்கொண்டே இருந்தது. கதவு படாரென மூடியது."