வாணவெடியும் பேரனின் அழுகையும்

கேள்வி:
எனக்கு 72 வயது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தபின், மகனைக் கனடாவுக்கு அனுப்பிவிட்டு, நானும் கணவரும் வன்னியிலேயே தங்கிவிட்டோம். 2009இல் அவரை மாத்தளனில் பறிகொடுத்து, முள்ளிவாய்க்கால் வழியாக மெனிக் பாம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தேன். இப்போது மூன்று வருடங்களாக ஸ்காபரோவில் மகன் குடும்பத்தோடு இருக்கிறேன். மருமகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடந்த யூலை 1ஆம் திகதி இரவு கனடா தின வாணவெடி தொடங்கியதும், என்ன செய்கிறேன் என்று தெரியாமலே ஆறு வயதுப் பேரனை இழுத்துக்கொண்டு போய், யன்னல் இல்லாத குளியலறைத் தொட்டிக்குள் கிடத்தி, அவன்மேல் குப்புறப் படுத்திருக்கிறேன். அவன் வீறிட்டு அழுதது மட்டும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து பிள்ளையை என்னோடு தனியே விடுவதில்லை. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதுமில்லை. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?

பதில்:
அம்மா, உங்கள் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. ஷெல் சத்தம் கேட்டவுடன் யோசிக்காமல் பங்கருக்குள் பாய்ந்ததால் பிழைத்த உடல், வாணவெடியையும் ஷெல்லாகவே எடுத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற பிள்ளையை மூடிக் காத்திருக்கிறது. ஆனால் ஆறு வயதுக்கு அது விளங்காது. மருமகளின் பயமும் நியாயமானதே.

எனக்குக் கவலை தருவது வீட்டிலுள்ள மௌனம்தான். கேட்டால் அம்மா உடைந்துவிடுவார் என்று மகனும், சொன்னால் மகன் தாங்கமாட்டான் என்று நீங்களும் இத்தனை காலம் ஒதுங்கியிருக்கக்கூடும். நடந்தவை எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. மருமகளையும் பக்கத்தில் இருத்தி, அன்று அந்தத் தொட்டி உங்களுக்குப் பங்கராகத் தெரிந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

மே மாத விக்டோரியா தினத்திலும் வெடி கொளுத்துவார்கள். அத்தகைய நாட்களை மகன் முன்கூட்டியே உங்களுக்குச் சொல்லி, அன்றிரவு பெரியவர் ஒருவர் உங்களோடு இருக்கட்டும். சத்தம் கேட்டால் பாதங்களைத் தரையில் அழுத்தி, இருக்கும் ஊரையும் ஆண்டையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கெட்ட கனவும் தூக்கமின்மையும் இருந்தால் குடும்ப மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மகன் முன்னால் சொல்லத் தயங்குவதைச் சொல்வதற்காக, தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்குசெய்யும்படி கேளுங்கள். போர் தந்த அதிர்ச்சிக்கு, உங்கள் வயதிலும் பலன் தரும் உளசிகிச்சை உண்டு.

பேரனோடு பேச மட்டும் நாள் பார்க்க வேண்டாம். இன்று பள்ளிக்கூடத்தால் வந்ததும், தாய் பக்கத்தில் இருக்கும்போது, "அப்பம்மா வெடிச் சத்தத்துக்குப் பயந்துபோனேன், நீ ஒரு பிழையும் செய்யவில்லை" என்று அவனிடம் சொல்லுங்கள்.