மதிய ஊசியும் ஐந்தாவது பீரியடும்

அன்புள்ள ஐயா,

நான் பதினொன்றாம் வகுப்பு மாணவி. ஒன்பதாம் வகுப்பு முடியும் நேரத்தில் எனக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்தார்கள். இரவில் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின், மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் வேகமான இன்சுலின், எல்லாமே பேனா போன்ற ஊசியில் போட்டுக்கொள்கிறேன். வீட்டில் எப்படியோ சமாளித்துவிடுகிறேன். பள்ளியில்தான் முடியவில்லை.

வகுப்பில் யாருக்கும் தெரியாது. மதிய ஊசியைக் கழிவறையில் போட்டுக்கொள்கிறேன். ஒருநாள் ஐந்தாவது பீரியடில் சுகர் இறங்கிவிட்டது. கரும்பலகைக்குக் கூப்பிட்டார்கள். நன்றாகத் தெரிந்த கணக்கு, ஆனால் போட வரவில்லை. தூங்கி வழிகிறேன் என்று வெளியே நிற்க வைத்தார்கள். அன்றிலிருந்து மதியம் டாக்டர் சொன்ன 8 யூனிட்டுக்குப் பதில் 4 தான் போடுகிறேன். சுகர் கொஞ்சம் ஏறியே இருந்தால் வகுப்பில் மானம் போகாது. கைப்பந்து ஆடுவதையும் நிறுத்திவிட்டேன்.

போன வாரம் மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 9.4 வந்தது. டாக்டர் கோபித்துக்கொண்டார். அம்மா அழுதார். நான் வாயைக் கட்டவில்லை என்று இருவரும் நினைக்கிறார்கள். ஊசியைக் குறைத்ததை நான் சொல்லவில்லை. சில நாள் எந்தத் தப்பும் செய்யாமலே காலையில் 240 காட்டுகிறது. படிப்பில் மனம் நிற்கவில்லை. அடுத்த வருடம் பெரிய தேர்வு. நான் என்ன செய்ய? பெயரை வெளியிட வேண்டாம்.

ம.

அன்புள்ள ம.,

நீ ஊசியைப் பாதியாக்கியது அலட்சியத்தால் அல்ல. வகுப்பில் சுகர் இறங்கினால் சரிசெய்துகொள்ள உனக்கு அங்கே வழியில்லை. அதனால் இறங்கவே விடாமல் பார்த்துக்கொண்டாய். இன்சுலின் போடுகிறவர்களில் பலர், பெரியவர்கள் உட்பட, இந்தப் பயத்தால் இதையே செய்கிறார்கள். எனவே "அளவை ஒழுங்காகப் போடு" என்று உன்னிடம் சொல்லிப் பயனில்லை. உட்கார்ந்த பெஞ்சிலேயே, யாருக்கும் ஒளியாமல், லோ சுகரைச் சரிசெய்ய உனக்கு ஒரு ஏற்பாடு வேண்டும். அது இல்லாதவரை எந்த டாக்டர் எழுதித் தரும் அளவும் உன் உடம்புக்குள் முழுதாகப் போகாது.

அந்த நாள் கரும்பலகை முன்னால் நடந்தது இதுதான். வேகமான இன்சுலின் போட்ட 10, 15 நிமிடத்தில் வேலையைத் தொடங்கும். ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். மதியம் போட்டால் உச்சம் ஐந்தாவது, ஆறாவது பீரியடில் வந்து விழும். அன்று சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டிருந்தாலோ, காலையில் ஓடியாடியிருந்தாலோ சுகர் 70-க்குக் கீழே போக அதுவே போதும். முதலில் அட்ரினலின் சுரந்து கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். 54-க்கும் கீழே போனால் மூளைக்கே குளுக்கோஸ் பற்றாது. சொல் வராது, எண் நிற்காது, காரணமில்லாமல் எரிச்சல் வரும். சுகர் திரும்ப ஏறிய பிறகும் மூளை முழுதாகத் தெளிய அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆகலாம். வெளியிலிருந்து பார்க்கிற ஆசிரியருக்குத் தூக்கத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால்தான் தெரியும்.

ஏற்றி வைத்துக்கொண்டால் தப்பித்தோம் என்ற உன் கணக்கையும் பார்ப்போம். எச்பிஏ1சி 9.4 என்றால் கடந்த இரண்டு மூன்று மாதமாக உன் ரத்தத்தில் சுகரின் சராசரி 220-ஐ ஒட்டி இருந்திருக்கிறது. சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரகம் சர்க்கரையைச் சிறுநீரில் விடத் தொடங்கும், கூடவே தண்ணீரும் போகும். தாகம், அடிக்கடி கழிவறை, உடம்பு அசதி, சில நாள் கரும்பலகை மங்கலாகத் தெரிவது எல்லாம் அதன் விளைவுதான். படிப்பில் மனம் நிற்கவில்லை என்கிறாயே, அதற்கு இது ஒரு பெரிய காரணமாக இருக்கலாம்.

வாயைக் கட்டவில்லை என்ற பேச்சை நீ மனதில் போட்டுக்கொள்ளாதே. டைப் 1-இல் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. இனிப்பு சாப்பிட்டு வருவதல்ல, பட்டினி கிடந்தால் போவதுமல்ல. இன்சுலின் வருவதற்கு முன் பிள்ளைகளைப் பட்டினி போட்டுத்தான் சில மாதங்கள் கூடுதலாக உயிரோடு வைத்திருந்தார்கள். 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்ட லியோனார்டு தாம்சனுக்கு வயது 14. முதல் ஊசி மருந்து சுத்தமாக இல்லாததால் சரிவரப் பலிக்கவில்லை. மேலும் சுத்திகரித்து இரண்டு வாரத்துக்குள் மறுபடி போட்டபோது அவன் தேறினான். உனக்கும் குறைவது இன்சுலின்தான், கட்டுப்பாடு அல்ல.

இப்போது பெஞ்சு ஏற்பாட்டுக்கு வருவோம். குளுக்கோஸ் மாத்திரை ஒன்றில் பெரும்பாலும் 4 கிராம் இருக்கும். அட்டையில் பார்த்துக்கொள். நான்கு மாத்திரையை மென்று தின்றால் சுமார் 15 கிராம் ஆகிவிடும். மாத்திரை இல்லையென்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடி, அல்லது பழச்சாறு 150 மில்லி. 15 நிமிடம் பொறுத்து மறுபடி விரலில் குத்திச் சுகரைப் பார். இன்னும் 70-க்குக் கீழே என்றால் அதே அளவை மறுபடி எடு. சாக்லேட் வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அந்த 15 நிமிடம் பொறுப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் உடம்பு "இன்னும் தா" என்று கத்தும். அந்தப் பதற்றத்தில் கையில் கிடைத்ததை எல்லாம் தின்றால் இரண்டு மணி நேரத்தில் 300 காட்டும். மாத்திரை சீருடைப் பையில் இருக்க வேண்டும். புத்தகப் பையின் அடியில் இருந்தால் நடுங்கும் கைக்கு எட்டாது. பெஞ்சுத் தோழியிடம் இன்னொரு டப்பா கொடுத்து வை. இறங்கிய நிலையில் தனியாக எழுந்து கழிவறைக்கோ வேறு அறைக்கோ போகாதே. வழியில் விழுந்தால் யாருக்கும் தெரியாது.

எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பாசிரியர், விளையாட்டு ஆசிரியர், ஐந்தாவது பீரியடுக்கு வரும் ஆசிரியர், பக்கத்தில் உட்காரும் தோழி, இவர்களுக்குத் தெரிந்தால் போதும். பள்ளி அலுவலகத்தில் டாக்டர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் குறிப்பு இருக்கட்டும். நோயின் பெயர், லோ சுகரின் அறிகுறிகள், என்ன கொடுக்க வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்பவை அதில் இருந்தால் சரி. ஆசிரியரிடம் நீளமாக விளக்கவும் வேண்டாம். "எனக்கு டைப் 1 இருக்கிறது சார். வகுப்பில் சுகர் இறங்கினால் மாத்திரை தின்பேன், கால் மணி நேரம் என்னை எதுவும் கேட்காதீர்கள். வகுப்பிலேயே குத்திப் பார்க்கவும், தேவைப்பட்டால் வெளியே போகவும் அனுமதி வேண்டும்." இவ்வளவுதான். தோழிக்கு மட்டும் இன்னொன்று சொல். நீ மயங்கிவிட்டால் வாயில் எதுவும் போடக்கூடாது, தண்ணீர்கூட வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு உடனே பெரியவர்களையும் ஆம்புலன்ஸையும் கூப்பிட வேண்டும். இறங்கிய சுகரை ஏற்றும் குளுகாகான் மருந்து வாங்க முடிந்தால் ஒன்றைப் பள்ளியில் வைக்க டாக்டரிடம் கேள். உன் வயதுக்கு ஊசியென்றால் 1 மில்லிகிராம், மூக்கினுள் செலுத்தும் பொடியென்றால் 3 மில்லிகிராம். போடத் தெரிந்தவர் ஒருவராவது பள்ளியில் இருக்க வேண்டும்.

கழிவறை ஊசியை நிறுத்து. சுத்தம் ஒரு காரணம், ஆனால் அதைவிட அவசரம்தான் பெரிய கெடுதல். யாராவது கதவைத் தட்டும்போது என்ன நடக்கும்? பேனாவில் மருந்து சரியாக வருகிறதா என்று 2 யூனிட் காற்றில் தள்ளிப் பார்க்கும் சோதனையை விட்டுவிடுவாய். பொத்தானை அழுத்தியதும் 10 எண்ணாமல் ஊசியை உருவுவாய், முனையில் சொட்டு நிற்கும், அவ்வளவு மருந்து வீண். எல்லாவற்றையும்விட, துணியை விலக்க எளிதான ஒரே இடத்தில் தினமும் குத்துவாய். இன்று இரவு படுத்துக்கொண்டு தொப்புளின் இரு பக்கமும் விரல் நுனியால் மெல்ல அழுத்தித் தடவிப் பார். ஓரிடம் மட்டும் தடிப்பாக, ரப்பர் போலத் தட்டுப்பட்டால், ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கொழுப்பு திரண்டிருக்கிறது. அங்கே வலிக்காது, அதனால் கை தானாக அங்கேயே போகும். ஆனால் அங்கே போட்ட இன்சுலின் ஒருநாள் மெதுவாகவும் ஒருநாள் சட்டென்றும் ரத்தத்தில் சேரும். காரணமே தெரியாமல் ஏறி இறங்கும் சுகருக்கு இது ஒரு முக்கியமான காரணம். அந்த இடத்தைச் சில மாதங்கள் தொடாதே. ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் ஒரு விரல் அகலமாவது இடைவெளி விடு, ஊசிமுனையை ஒவ்வொரு முறையும் மாற்று. ஒரு எச்சரிக்கை: தடிப்பை விட்டு நல்ல இடத்துக்கு மாறியதும் அதே அளவு கூடுதலாக வேலை செய்யும். அளவைக் குறைக்க வேண்டுமா என்று முதலில் டாக்டரிடம் கேட்டுவிட்டு மாறு.

காலை 240-க்கு வருகிறேன். பருவ வயதில் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும். விடியலுக்கு முன்னால் அதன் வேகம் அதிகம். சிறுவயதில் கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1 யூனிட்டுக்குள் போதுமாக இருந்த பிள்ளைகளுக்கு உன் வயதில் 1.2, 1.5 யூனிட்கூடத் தேவைப்படுவதுண்டு. மாதவிலக்குக்கு முந்தைய சில நாட்கள் பலருக்குச் சுகர் தனியாக ஏறும். குறிப்பேட்டில் தேதியைக் குறித்துவந்தால் மூன்று மாதத்தில் ஒழுங்கு புலப்படும். இரண்டு மூன்று இரவுகள் படுக்கும்போது, அதிகாலை 3 மணிக்கு, எழுந்ததும் என்று மூன்று தடவை பார்த்து எழுதி வை. 3 மணிக்குச் சரியாக இருந்து காலையில் ஏறினால் அது விடியல் ஹார்மோன். படுக்கும்போதே அதிகம் என்றால் இரவுச் சாப்பாட்டு ஊசியைப் பார்க்க வேண்டும். விரலைக் கழுவித் துடைத்த பிறகு குத்து. தோலில் ஒட்டிய இனிப்பே பொய்க் கணக்குக் காட்டும்.

கைப்பந்தை விட்டது எனக்கு ரொம்ப வருத்தம். திரும்பப் போ. களமிறங்கும் முன் 126-க்கும் 180-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. 90-க்குக் கீழே என்றால் 10 முதல் 20 கிராம் சர்க்கரை எடுத்து, ஏறிய பிறகு ஆடு. 250-ஐத் தாண்டியிருந்தால் கீட்டோன் பார், இன்சுலின் பற்றாதபோது உடம்பு கொழுப்பை எரிப்பதால் உண்டாகும் அமிலம் அது. ரத்தக் கீட்டோன் 1.5 அல்லது அதற்கு மேல் என்றால் அன்று ஆடக்கூடாது. போட்டி நாளில் படபடப்பால் சுகர் ஏறும். பயந்து கூடுதல் ஊசி போடாதே, ஆடி முடித்த சில மணி நேரத்தில், பெரும்பாலும் இரவுத் தூக்கத்தில், அது தானாக இறங்கும். ஆட்ட நாள் இரவு படுக்கும் முன் கட்டாயம் குத்திப் பார்.

காய்ச்சல், வாந்தி நாட்களுக்கு ஒரு விதி. சாப்பிட முடியவில்லை என்றாலும் இரவு இன்சுலினை நிறுத்தவே கூடாது. வாந்தியோடு வயிற்று வலி, ஆழமாக இழுக்கும் மூச்சு, வாயில் பழவாடை என்றால் வயிற்றுக் கோளாறு என்று வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தேர்வுக்கு இப்போதே விண்ணப்பம் கொடுங்கள். மீட்டர், மாத்திரை, தண்ணீர் மேசையில் இருக்க அனுமதி வேண்டும். இறங்கினால் தெளியும் வரையிலான நேரத்தைக் கூடுதலாகத் தர முடியுமா என்றும் எழுத்தில் கேளுங்கள். தேர்வு வாசலில் கேட்டால் கிடைக்காது. மணி அடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு குத்திப் பார்த்துவிட்டு உள்ளே போ.

கடைசியாக, மிக முக்கியமானது. நாளைக்கே 4-ஐ 8 ஆக்கிவிடாதே. உன் உடம்பு இத்தனை மாதத்தில் மாறியிருக்கும், அந்தப் பழைய 8 இன்றைக்குச் சரியா என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நீ 8 போடுவதாக நம்பும் டாக்டர் 9.4-ஐப் பார்த்து அளவை 10, 12 என்று ஏற்றுவார். என்றாவது ஒருநாள் அதை நீ முழுதாகப் போட்டால் வகுப்பிலேயே மயங்கி விழலாம். கோபித்தாலும் பரவாயில்லை, அவருக்கு உண்மை தெரிந்தாக வேண்டும். மூன்று நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னும், சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்தும் குத்திப் பார்த்து, என்ன சாப்பிட்டாய், உண்மையில் எத்தனை யூனிட் போட்டாய் என்று ஒரு தாளில் எழுது. முதல் வரியில் "மதியம் 4 தான் போடுகிறேன், வகுப்பில் இறங்கும் என்று பயம்" என்று எழுதி முதலில் அம்மாவிடம் கொடு. பிறகு இருவருமாக டாக்டரைப் பார்க்கப் போங்கள்.