வாசகர் கேள்வி பதில்: ஆசிரியர் போனபின் வந்த ஆறாம் பாகம்

டக்ளஸ் ஆடம்ஸ் எழுதிய 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைட் டு தி கேலக்ஸி' என்ற நகைச்சுவை அறிவியல் புனைகதை வரிசையையும், அவர் மறைந்தபின் ஓவன் கோல்ஃபர் எழுதிய 'அண்ட் அனதர் திங்' என்ற ஆறாம் பாகத்தையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கே: ஆடம்ஸ் இறந்தபின் இன்னொருவர் எழுத யார் அனுமதித்தார்கள்? அவர் குறிப்புகள் ஏதும் விட்டுச் சென்றாரா? (சேலம்)

ப: ஆடம்ஸ் 2001 மே 11 அன்று கலிஃபோர்னியாவில் மாரடைப்பால் இறந்தார். வயது 49. அதற்குள் ஐந்து நாவல்கள் வந்திருந்தன: 1979, 1980, 1982, 1984, கடைசியாக 1992. ஆறாம் பாகத்துக்குச் சம்மதம் தந்தவர் அவருடைய மனைவி ஜேன் பெல்சன். 2008 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. 2009 அக்டோபர் 12 அன்று புத்தகம் வெளியானது. முதல் நாவல் வந்து அன்றோடு சரியாக 30 ஆண்டுகள். கோல்ஃபர் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்தவர், 'ஆர்ட்டெமிஸ் ஃபவுல்' என்ற சிறுவர் நாவல் வரிசையால் பெயர் பெற்றவர்.

ஆறாம் பாகத்துக்கென்று கதைத்திட்டம் எதையும் ஆடம்ஸ் விட்டுச் செல்லவில்லை. ஆடம்ஸின் கணினியில் இருந்தவற்றைத் தொகுத்து 2002-ல் 'தி சால்மன் ஆஃப் டவுட்' வந்தது. அதிலுள்ள நாவல் துண்டு டர்க் ஜென்ட்லி என்ற வேறொரு பாத்திரத்தின் கதை. ஆனால் ஐந்தாம் பாகம் மிகவும் இருண்டுபோய்விட்டது, ஐந்தைவிட ஆறுதான் நல்ல எண் என்று ஆடம்ஸ் சொல்லியிருக்கிறார். அந்தத் துண்டில் இருந்த சில யோசனைகள் இந்த வரிசைக்கே பொருந்தும் என்றும் நினைத்தார். ஆக, ஆசை இருந்தது, வரைபடம் இல்லை.

இதை 'வீல் ஆஃப் டைம்' என்ற மிகுபுனைவு நாவல் வரிசையோடு ஒப்பிடுகிறவர்கள் உண்டு. ராபர்ட் ஜோர்டன் 2007-ல் இறக்கும்போது முடிவுக்கான குறிப்புகளையும் எழுதிய பகுதிகளையும் வைத்துவிட்டுப் போனார். அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல் தேர்ந்தெடுத்த பிராண்டன் சாண்டர்சன் அவற்றைக் கொண்டு மூன்று புத்தகங்களில் (2009, 2010, 2013) கதையை முடித்தார். அது பாதியில் நின்ற வீட்டைப் பிளான்படி கட்டி முடிப்பது. கோல்ஃபர் செய்தது, குடியிருந்தவர் பூட்டிவிட்டுப் போன வீட்டின்மேல் இன்னொரு மாடி எழுப்புவது. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

கே: ஐந்தாம் பாகத்தின் முடிவில் பூமி எல்லாப் பரிமாணங்களிலும் அழிகிறது, நாயகர்களும் அதோடு போகிறார்கள். பிறகு எப்படிக் கதை நகரும்? (தூத்துக்குடி)

ப: கோல்ஃபர் முன்னிருந்த முதல் பூட்டு அதுதான். சாவியை அதே புத்தகத்திலிருந்து எடுத்தார். இந்த வரிசையின் பெயரே கதைக்குள் வரும் விண்வெளிப் பயணிகளுக்கான வழிகாட்டி நூலின் பெயர். ஐந்தாம் பாகத்தில், பறவை வடிவில் வரும் அதன் புதிய கருவி வடிவம் ஒன்று உண்டு. அது காலத்தையும் நிகழ்தகவையும் வளைக்க வல்லது. அந்தக் கருவி கடைசி நொடியில் பூமியைச் சேர்ந்த ஆர்தர், அவருடைய வேற்றுக்கிரக நண்பர் ஃபோர்ட், பூமிப் பெண் ட்ரில்லியன், ஆர்தர் - ட்ரில்லியன் மகள் ராண்டம் நால்வரையும் ஒரு கற்பனை உலகுக்குள் வாழ வைத்திருந்தது என்றும், அதன் மின்சக்தி தீர்ந்ததும் அவர்கள் பழைய நொடிக்கே திரும்பி விழுகிறார்கள் என்றும் தொடங்குகிறார். ஆர்தர் கடற்கரைக் குடிலில் நீண்ட, அமைதியான வாழ்க்கை ஒன்றை முடித்துவிட்டுத் திரும்புகிறார். எல்லாம் கனவு என்று சொல்வதைவிட இது நேர்மையான வழி. பழைய முடிவை ரத்து செய்யாமல் அதற்குள்ளேயே கதவைக் கண்டுபிடிக்கிறது.

அவருடைய இரண்டாவது நல்ல முடிவு, முன்னவர் பாதியில் விட்ட துணைப்பாத்திரத்தைப் பிடித்தது. மூன்றாம் பாகத்தில் சில பக்கங்களே வரும் வாவ்பேகர், தவறுதலாகச் சாகாவரம் பெற்று, பொழுது போகாமல் பிரபஞ்சத்தில் உள்ள ஒவ்வொருவரையும் அகர வரிசையில் திட்டிக்கொண்டு போகிறவன். ஆடம்ஸ் அவனை வைத்துச் சிரிக்க வைத்தார், கோல்ஃபர் அவனுக்குச் சாக வேண்டும் என்ற ஏக்கத்தைக் கொடுத்துக் கதையின் நடுவில் நிறுத்தினார். மார்வின் என்ற மனச்சோர்வு ரோபோ நான்காம் பாகத்தில் செத்துப்போனான். வாசகர்கள் விரும்புவார்கள் என்பதற்காக அவனை எழுப்பிக் கொண்டுவராததையும் பாராட்ட வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். ஃபோர்டின் முழுப்பெயரான ஃபோர்ட் ப்ரீஃபெக்ட் என்பது அந்நாளைய கார் ஒன்றின் பெயர். கோல்ஃபர் தானே படைத்த பாத்திரத்துக்கு ஹில்மன் ஹண்டர் என்று பெயர் வைத்தார். அதுவும் பிரிட்டிஷ் கார்தான். தப்பிய மனிதர்களின் குடியேற்றத்துக்குத் தலைவனான இவன், அவர்களுக்கு ஒரு கடவுள் தேவை என்று வேலைக்கு ஆள் எடுப்பதுபோல் கடவுள்களை நேர்காணல் செய்கிறான். புத்தகத்தின் மிகச் சிறந்த பகுதி அதுதான் என்பது எங்கள் கருத்து, ஏனென்றால் அங்கே கோல்ஃபர் யாரையும் பின்பற்றவில்லை.

கே: ஆறாம் பாகத்தைப் படித்தேன். பாத்திரங்கள் அவர்களேதான், ஆனால் பழைய சிரிப்பு வரவில்லை. குறை என்னிடமா, புத்தகத்திலா? (கோயம்புத்தூர்)

ப: உங்களிடம் இல்லை. இந்த வரிசையின் சிரிப்பு சம்பவத்தில் இருப்பதைவிட வாக்கியத்தில் அதிகம். இது பிறந்ததே வானொலியில்: 1978 மார்ச் 8, பிபிசி ரேடியோ 4. காதால் கேட்கும்போது எந்தச் சொல் கடைசியில் விழ வேண்டும் என்பதை ஆடம்ஸ் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதினார். கெடு தாண்டுவதில் பேர்போனவர். நான்காம் நாவலை முடிக்க வைப்பதற்காக, பான் பதிப்பகத்தின் பதிப்பாசிரியரான தில்லியில் பிறந்த சோனி மேத்தா, ஹோட்டல் அறையெடுத்து அவரோடு கூடவே தங்கினார்.

ஒரு எடுத்துக்காட்டு. பூமியை அழிக்க வரும் வேற்றுக்கிரகவாசிகளான வோகன்களின் விண்கலங்கள் வானத்தில் நிற்பதை, செங்கற்கள் எப்படி நிற்காதோ அதே விதத்தில் நின்றன என்கிறார். உவமை என்றதும் ஒற்றுமையை எதிர்பார்க்கிறோம், வருவது மறுப்பு. ஆங்கிலத்தில் அந்த மறுப்பு கடைசிச் சொல்லில் வருகிறது. தமிழில் அப்படியே பெயர்த்தால், "செங்கற்கள் நிற்காத அதே விதத்தில் கலங்கள் வானத்தில் நின்றன" என்றாகும். மறுப்பு முதலிலேயே வந்துவிடுவதால் சிரிப்பு செத்துப்போகிறது. நம் மொழியில் வினை கடைசியில் வரும் என்பதை நமக்குச் சாதகமாக்க வேண்டும்: "கலங்கள் வானத்தில் நின்றன. செங்கல் நிற்குமா? நிற்காது இல்லையா, அதேபோல." மொழிபெயர்க்க நினைக்கிறவர்கள் இந்த ஒரு வரியில் அரை நாள் உட்கார்ந்தாலும் தகும்.

ஆறாம் பாகத்தில் சறுக்குவது, கதைக்கு நடுவே வரும் 'வழிகாட்டிக் குறிப்புகள்'. ஆடம்ஸிடம் வழிகாட்டி நூலின் குரல் பெரும்பாலும் ஒரு வேலையோடு வரும். அடுத்து நடக்கப்போவதற்குத் தேவையான தகவலை வேடிக்கைபோலக் கையில் கொடுத்துவிட்டுப் போகும், அல்லது ஆபத்தின் உச்சத்தில் நம்மை நிறுத்தி வைக்கும். கோல்ஃபர் குறிப்புகளை மிக நெருக்கமாக வைத்துவிட்டார். பல குறிப்புகள் ஒரு விநோதப் பெயரையோ கிரகத்தையோ விளக்கிவிட்டு நின்றுவிடுகின்றன. உரையாடல் சூடு பிடிக்கும்போது வாசகர் வெளியே இழுக்கப்படுகிறார். குறிப்புகளைத் தாண்டிக் கதையை மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள், ஓட்டம் நன்றாக இருப்பது தெரியும்.

பாத்திரங்களையும் சம்பவங்களையும் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். வாக்கியத்தைக் கொடுக்க முடியாது. வாரிசாக வருகிறவர் தன் காதையே நம்ப வேண்டும்.

கே: எந்த வரிசையில் படிக்கலாம்? (யாழ்ப்பாணம்)

ப: முதல் இரண்டும் ஒரே மூச்சில். வானொலியின் முதல் 12 பகுதிகளிலிருந்து விளைந்தவை அவை. பிறகு மூன்று, நான்கு. ஐந்துக்குப்பின் சில வாரம் இடைவெளி விட்டு ஆறு. உடனே எடுத்தால் நடை மாற்றம் உறுத்தும். வானொலி, நாவல், 1981 தொலைக்காட்சித் தொடர், 2005 திரைப்படம் எல்லாம் ஒன்றுக்கொன்று முரண்படும். ஆடம்ஸே அப்படித்தான் எழுதினார், குழம்ப வேண்டாம்.

கே: தொடரவே கூடாது என்று சொன்ன எழுத்தாளர் குடும்பம் உண்டா? (புதுச்சேரி)

ப: உண்டு. 'டிஸ்க்வேர்ல்ட்' நகைச்சுவை மிகுபுனைவு வரிசையை எழுதிய டெர்ரி பிராட்செட் 2015 மார்ச் 12 அன்று இறந்தார். முடியாத நாவல்கள் இருந்த அவருடைய ஹார்ட் டிஸ்க்கை, அவர் விருப்பப்படியே, 2017 ஆகஸ்டில் டார்செட் நீராவி இயந்திரக் கண்காட்சியில் ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள். வரிசையைத் தொடரும் எண்ணம் இல்லை என்று மகள் ரியானா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

கே: மறைந்த தமிழ் எழுத்தாளர் ஒருவரின் அறிவியல் நகைச்சுவைக் கதைக்கு அடுத்த பாகம் எழுத விரும்புகிறேன். என்னென்ன செய்ய வேண்டும்? (தஞ்சாவூர்)

ப: முதலில் ஆண்டுக் கணக்கு. இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 2008-ல் மறைந்த சுஜாதாவின் எழுத்துகளுக்கு 2068 முடியும்வரை உரிமை இருக்கிறது. ஆடம்ஸுக்கு இங்கே 2061 வரை, 70 ஆண்டுக் கணக்குள்ள பிரிட்டனில் 2071 வரை. நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர் என்றால் நிலைமை வேறு. கல்கியின் பாத்திரங்களை வைத்துப் பலர் எழுதியிருக்கிறார்கள். 1954-ல் அவர் மறைந்தபோது முடியாமல் நின்ற 'அமரதாரா'வை மகள் ஆனந்தி முடித்ததும் தெரிந்ததே.

உரிமை நடப்பில் இருந்தால், வாரிசுகள் யார் என்று உறுதி செய்யுங்கள். ஒருவருக்கு மேல் இருந்தால் எல்லோர் கையெழுத்தும் வேண்டும். பதிப்பகத்தின் சம்மதம் மட்டும் போதாது; அவர்களிடம் பெரும்பாலும் பழைய புத்தகத்தை அச்சிடும் உரிமைதான் இருக்கும். வாய்ப்பேச்சுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை, எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூரிலும் இலங்கையிலும் விற்க நினைத்தால் அதை எழுத வேண்டும். ராயல்டி விகிதம், அட்டையில் யார் பெயர் எந்த அளவில், கையெழுத்துப் பிரதியை யார் ஒப்புக்கொள்வது, நீங்கள் புதிதாகப் படைக்கும் பாத்திரம் யாருக்குச் சொந்தம், திரை உரிமை: இவை விட்டுப்போனால்தான் பின்னால் சண்டை வரும். எழுத்தாளரின் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைத்தால் வழக்குத் தொடர வாரிசுகளுக்கு வழி உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிறகு எழுத்து வேலை. மூலத்தை மூன்று முறை படியுங்கள். முதல் முறை கணக்கு நோட்டோடு: யார் எங்கே நிற்கிறார்கள், யார் செத்தார்கள், எந்தக் கருவி யார் கையில், எந்தக் கேள்வி பதிலில்லாமல் நிற்கிறது. இரண்டாம் முறை வாக்கியத்துக்காக: கதைசொல்லி எத்தனை பக்கத்துக்கு ஒருமுறை குறுக்கே வருகிறார், வந்து என்ன செய்கிறார். மூன்றாம் முறை உரையாடலை மட்டும்: யார் யாரை வா, வாங்க, டா போட்டு அழைக்கிறார்கள். தமிழ் வாசகர் இந்த இடத்தில்தான் முதலில் போலியைக் கண்டுபிடிப்பார். அடுத்து பத்துப் பக்கம் எழுதி, மூலத்தை மனப்பாடமாக அறிந்த ஒருவரிடமும் அதைத் தொட்டே பார்க்காத ஒருவரிடமும் கொடுங்கள். இரண்டாமவர் எங்கே முழிக்கிறாரோ அங்கே பழைய கதையின்மேல் அதிகம் சாய்ந்திருக்கிறீர்கள். முதலாமவர் "அப்படியே அவர் எழுதினது மாதிரியே இருக்கு" என்றால் அதையும் சந்தேகியுங்கள். பெரும்பாலும் பழைய வரி ஏதாவது உங்களை அறியாமல் திரும்பி வந்திருக்கும்.

கே: ஆறாம் பாகம் வானொலியில் வந்ததா? (திருநெல்வேலி)

ப: வந்தது. முதல் ஒலிபரப்பின் 40-ஆம் ஆண்டு நாளான 2018 மார்ச் 8 அன்று ரேடியோ 4-ல் தொடங்கி ஆறு பகுதிகள். டர்க் மேக்ஸ் இயக்கினார். 1978-ல் ஆர்தராகப் பேசிய சைமன் ஜோன்ஸே மீண்டும் பேசினார். ஆடம்ஸின் எழுத்திலிருந்து எடுத்த சில பகுதிகளும் அதில் சேர்ந்தன. நாவலில் இல்லாத மார்வினும் வருகிறான், குரல் ஜிம் பிராட்பென்ட். அச்சுப் பக்கத்தில் கனத்த வழிகாட்டிக் குறிப்புகள் தனிக் குரலில் கேட்கும்போது இலேசாகிவிடுகின்றன. நாவல் பிடிக்காதவர்களும் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.