ஓரம் வெட்டப்பட்ட பழைய செதுக்கோவியத்தை வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் ஓரம் முழுசாக இருக்கும் பிரிண்டின் (தகட்டிலோ மரத்திலோ செதுக்கித் தாளில் அச்சிட்ட படத்தின்) விலையைக் கொடுக்காதீர்கள். ஏதோ ஒரு கிராமத்துக் கோட்டையோ மடாலயமோ இருக்கும் படம் உங்களுக்குப் பிடித்துப்போயிருக்கும். விற்பவர் ‘படத்தில் ஒரு கீறல்கூட இல்லையே, ஓரத்தில் என்ன இருக்கிறது’ என்று சொல்லியிருப்பார். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காரணம், என்னிடம் இருக்கும் பக் சகோதரர்களின் பிரிண்ட். சாமுவேல் பக், நத்தானியேல் பக் என்ற இந்த இருவரும் 1720கள் தொடங்கி 1742 வரை இங்கிலாந்து, வேல்ஸ் எங்கும் சுற்றி, இடிந்த கோட்டைகளையும் மடாலயங்களையும் வரைந்து, 400க்கும் மேற்பட்ட செப்புத்தகட்டுப் படங்களாக வெளியிட்டவர்கள். ஓவியமாகப் பார்த்தால் விறைப்பாகத்தான் இருக்கும், மரங்களெல்லாம் ஒரே அச்சு. படத்துக்குக் கீழே இருக்கும் குறிப்புக்காகத்தான் நான் வாங்கினேன். யார் கட்டியது, பிறகு யார் கைக்குப் போனது என்று அந்த இடத்தின் வரலாறே அங்கே பொடி எழுத்தில் இருக்கும்.

அதைப் பிரேம் போடக் கொடுத்தேன். வெட்டவோ ஒட்டவோ கூடாது என்று வாயாலும் சொன்னேன், சீட்டிலும் எழுதி வைத்தேன். (‘நீங்கள் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்’ என்று எழுதத் தயாராக இருப்பவர்கள் கவனிக்கவும்.) திரும்பி வந்தபோது, பிரேம் கடைக்காரரிடம் கைவசம் இருந்த ஒரு பிரேமுக்குள் படம் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. குறிப்பைக் காணோம், அச்சிடும்போது தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய தடத்தையும் காணோம். “வெறும் எழுத்துதானே சார், எடுத்துட்டா படம் எடுப்பா இருக்கும்னு நினைச்சேன்” என்றார். வெட்டிய துண்டு குப்பைக்குப் போயிருந்தது.

வெறும் எழுத்தாம்! பிரிட்டனில் 1735இல் வந்த செதுக்கோவியர் உரிமைச் சட்டப்படி, வெளியிட்ட தேதியும் உரிமையாளர் பெயரும் தகட்டிலேயே இருக்க வேண்டும். அவை பெரும்பாலும் அந்தக் கீழ் ஓரத்தில்தான் இருக்கும். அது போனால் காலத்தை ஊகிக்கத்தான் முடியும்.

தகட்டுத் தடமும் அசலுக்கு ஓர் அடையாளம்தான். அதற்காக, அது இல்லாததெல்லாம் போலி என்று ஆகிவிடாது. மரச்செதுக்கில் அந்தத் தடம் விழவே விழாது. 1820களுக்குப் பிறகு புத்தகங்களுக்காக அச்சான எஃகுத்தகட்டுப் படங்களில், பைண்டிங்கின்போதே அது வெட்டுப்பட்டிருக்கலாம். மறுபக்கம், புது நகலில் போலித் தடம் அழுத்தி விற்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கோடுகள் வரிசைவரிசையான புள்ளிகளாகச் சிதறினால், அது புகைப்படத்திலிருந்து எடுத்த நகல்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் கொட்டிவிடுகிறேன். செதுக்கியவர் இறந்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆன படத்தை ஸ்கேன் செய்து, நடுவில் தங்கள் பெயரைப் பெரிதாகப் போட்டுக் காசு கேட்கும் இணையதளங்களை என்னவென்று சொல்வது? ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல பிரதி தேடினால் முதலில் வந்து நிற்பது அதுதான். ஸ்கேன் செய்யச் செலவாகும் என்பீர்கள். ஆகட்டும், அதற்காக மூஞ்சியிலா முத்திரை குத்துவது?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பணம் கொடுக்கும் முன் பிரேமைக் கழற்றிப் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஓரம் போனதோடு அட்டையில் பசை போட்டும் ஒட்டியிருந்தால், நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.