விடியக்காலைல பல் உதிருது, மார்ச்ல ஹால் டிக்கெட் தொலையுது

கேள்வி: எனக்கு 43 வயசு, கூட்டுறவு சொசைட்டில கிளார்க். மார்ச் மாசம் வந்தா போதும், பிளஸ் டூ கணக்குப் பரிட்சைக்கு லேட்டா ஓடுற மாதிரி, ஹால் டிக்கெட்டைக் காணாத மாதிரியே கனவு வருது. போன வாரம் விடியக்காலைல பல்லெல்லாம் உதிர்ற மாதிரி வேற. விடியக்காலை கனவு பலிக்கும், பரிகாரம் பண்ணுனு மாமியார் சொல்றாங்க. எனக்கு மட்டும் ஏன் நல்ல கனவே வரமாட்டேங்குது?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: உங்களுக்கு மட்டும்னு யாரு சொன்னா? அமெரிக்காவுல கால்வின் ஹால், வான் டி காசில்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சிக்காரங்க காலேஜ் பசங்களோட 1000 கனவை எடுத்து அலசி 1966ல புஸ்தகமா போட்டாங்க, அதுல குறிச்ச உணர்ச்சிகள்ல கிட்டத்தட்ட 80 சதவீதம் பயம், கோபம், சோகம், குழப்பம்தான். ஆனா இது வெளியாள் படிச்சு போட்ட மார்க், கனவு கண்டவங்களையே மார்க் போடச் சொன்னா நல்லதும் கெட்டதும் அவ்வளவு தூரம் விலகி நிக்கிறதில்ல.

மாமியார் சொல்றதுல பாதி விஷயம் இருக்கு. கண்ணு உருள்ற அந்த ரெம் தூக்கம் ராத்திரி முதல் சுத்துல பத்து நிமிஷம் மாதிரிதான், விடிய விடிய நீண்டுக்கிட்டே போய் அரைமணி நேரம்கூட வரும், அதுக்கு நடுவுல முழிப்பு வந்தா கனவு அப்படியே மனசுல நிக்கும். பலிக்கிறது இல்ல, ஞாபகம் இருக்கிறது. சுகமான கனவுல எவன் பதறி எழுந்திரிக்கிறான், அது மறந்தே போயிடுது.

பல்லுக்கு வருவோம். இஸ்ரேல்ல 2018ல வந்த ஒரு ஆய்வுல, பல் விழுற கனவு மனக்கவலையோட ஒட்டல, காலைல எழும்போது பல்லு, ஈறு, தாடைல இருக்கிற இறுக்கத்தோடதான் ஒட்டுச்சு. எழுந்ததும் தாடை வலிக்குதானு நாலு நாள் பாருங்க, வலிச்சா பரிகாரத்துக்கு முன்னாடி பல் டாக்டர்.

பரிட்சை கனவு ஏன் மார்ச்லயே வருது? மார்ச் 31 கணக்கு முடிக்கிற வேலை உங்க தலைலதானே! பகல்ல எது உறுத்துதோ அதுதான் ராத்திரி வேற சட்டை மாட்டிக்கிட்டு வருதுனு அந்த கால்வின் ஹாலும் சொன்னாரு. கெட்ட கனவுக்கு டாக்டர்ங்க சொல்ற ஒரு வழி இருக்கு, பகல்ல கனவை எழுதி முடிவை மட்டும் மாத்தி, தினம் பத்து நிமிஷம் கண்ண மூடி அதை ஓட்டிப் பாக்கணும். நீங்க இப்படி எழுதுங்க: ஹாலுக்கு ஓடுறீங்க, சூப்பர்வைசர் நிமிர்ந்து பாத்து "ஏம்மா, நீதான் எப்பவோ பாஸாயிட்டியே, இங்க என்ன பண்ற"ங்கிறாரு, நீங்க வீட்டுக்குத் திரும்பிடுறீங்க.