சிறுமாடல்களில் துரு அரித்த ஓட்டையை உண்மைபோலக் காட்டுவது எப்படி?

1/24 அளவு பழைய லாரி மாடலில் கதவின் அடிப்பகுதி துருப்பிடித்து ஓட்டை விழுந்ததுபோலக் காட்ட வேண்டும், நிறம் சரியாக வருகிறது, ஓட்டை மட்டும் கத்தியால் குத்திய பிளாஸ்டிக்காகவே தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். குறை நிறத்தில் இல்லை, தடிமனில் இருக்கிறது.

லாரிக் கதவின் தகரம் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர். அதை 24 ஆல் வகுத்தால் 0.03 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். மாடலின் பிளாஸ்டிக் சுவரோ பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மேல். நிஜ அளவில் அது ஓர் அங்குலக் கனமுள்ள தகடு! எவ்வளவு நன்றாக வண்ணம் பூசினாலும் ஓட்டையின் விளிம்பில் அந்தக் கனம் தெரிந்துவிடும். அதனால் முதலில் மெலிதாக்க வேண்டும், பிறகு துளைக்க வேண்டும், வண்ணம் கடைசியில்தான்.

கத்தியை எடுக்கும் முன் நிஜத் துருவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். பினாங்கில் நமக்கு அதற்குப் பஞ்சமே இல்லை. வெல்ட் கீ கரையோரம் சியூ ஜெட்டிப் பக்கம் நடந்தால் உப்புக்காற்று தின்ற தகரக் கூரைகள் கண்ணில் படும். ஆணி அடித்த இடத்தைச் சுற்றி, ஒரு தகரத்தின் மேல் இன்னொன்று ஏறி உட்காரும் இடத்தில், தண்ணீர் சொட்டும் கீழ்விளிம்பில்தான் அரிப்பு தொடங்கும். தண்ணீர் வழிந்தோடும் இடம் பிழைத்துக்கொள்ளும், தேங்கும் இடம் போய்விடும். லாரிக் கதவும் அப்படித்தான். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைநீர் கதவடியில் உள்ள வடிகால் துளைகளில் வெளியேற வேண்டும். மண் அடைத்துவிட்டால் நீர் அங்கேயே நின்று தகரத்தை உள்ளிருந்து அரிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் என்பதால் வெளியே பெயின்ட் முதலில் கொப்பளிக்கும், பிறகு செதில் செதிலாக உதிரும், அதன் பிறகே ஓட்டை. அந்த ஓட்டையும் வட்டமாக இருக்காது. கீழ்விளிம்பை ஒட்டிச் சிறு துளைகள் வரிசையாக விழுந்து, சில ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவே நூல் கனத்தில் தகரம் மிஞ்சி நிற்கும். இரண்டு தகடு மடங்கிய விளிம்பு மட்டும் தாக்குப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்.

இப்போது வேலைக்கு வருவோம். ஓட்டை வர வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, கதவின் உட்புறத்திலிருந்து உருண்டை முனைச் சுழல் கருவியால் சுரண்டுங்கள். வேகம் மிகக் குறைவாக இருக்கட்டும், இல்லையென்றால் பிளாஸ்டிக் உருகி முனையில் சுற்றிக்கொள்ளும். அடிக்கடி நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிர்நிற பிளாஸ்டிக்காக இருந்தால் மெலிந்த இடம் பளிச்சென்று ஒளிரும், சுற்றிலும் மங்கலாக இருக்கும். ஒளி ஊடுருவும் அளவுக்கு வந்ததும் சுழல் கருவியை வைத்துவிட்டு, வளைந்த கத்திமுனையால் கையாலேயே சுரண்டுவது நல்லது. பிறகு ஊசியால் உள்ளிருந்து வெளியே குத்துங்கள். விளிம்பு லேசாக வெளிப்பக்கம் பிதுங்கும், நிஜத் துருவிலும் அப்படித்தான். மாடல் பொருள் தயாரிக்கும் தாமியா நிறுவனத்தின் பச்சை மூடி போட்ட, தண்ணீர்போல் மெல்லிய பிளாஸ்டிக் பசையைத் தூரிகை நுனியில் தொட்டு அந்த விளிம்பில் வைத்தால் பிளாஸ்டிக் சில நொடி இளகும். அந்த நேரத்தில் சாமணத்தால் கிள்ளி இழுத்தால் கிழிசல் தானாகவே கோணல்மாணலாக வரும். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

ஓட்டை பெரிதாக வேண்டுமென்றால் வேறு வழி. கதவின் அடிப்பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, சமையலறை அலுமினியத் தாளை ஒட்டுங்கள். அதன் கனம் 0.016 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இரண்டடுக்கு வைத்தால் உங்கள் லாரிக்குக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. குளிர்பான டின்னின் தகடு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், கதவுக்குக் கனம் அதிகம், அடிச்சட்டத்துக்கு ஆகும். அலுமினியத் தாளில் பிரைமர் அடிக்காமல் பெயின்ட் ஒட்டாது. சிலர் மின்சுற்றுப் பலகை அரிக்கப் பயன்படும் பெர்ரிக் குளோரைடில் தாளைப் போட்டு அரிக்க விடுவார்கள். விளிம்பு அற்புதமாக வரும், மறுக்கவில்லை. ஆனால் அலுமினியத்தோடு சேர்ந்தால் அது சூடேறிப் பொங்கும், ஆவி கிளம்பும், பட்டதெல்லாம் கறையாகும். அடுக்குமாடி வீட்டுக்குள், அதுவும் பிள்ளைகள் இருக்கும் இடத்தில், இதைச் செய்யவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஊசியும் சாமணமும் போதும்.

வண்ணம் பூசும் முன் ஓட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உள்ளே வெள்ளை பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தால் எல்லா உழைப்பும் வீண். அங்கே கருப்பு கலந்த பழுப்பை முதலிலேயே அடித்துவிடுங்கள். வெளியே தாமியாவின் எக்ஸ்எஃப்-9 என்ற செம்பழுப்பு பெயின்ட் அடித்தளமாக இருக்கட்டும். அதன்மேல் ஹேர்ஸ்ப்ரே, அதன்மேல் லாரியின் நிறம். அது காய்ந்ததும் ஈரத் தூரிகையால் தேய்த்தால் அடியிலுள்ள ஹேர்ஸ்ப்ரே நீரில் இளகி, ஓட்டையைச் சுற்றிப் பெயின்ட் செதிலாகப் பெயரும். பழைய துரு கரும்பழுப்பாகவும், புதிய துரு ஆரஞ்சாகவும் இருக்கும். பலர் ஆரஞ்சை எங்கும் அள்ளித் தெளிக்கிறார்கள். அது ஓட்டையின் விளிம்பிலும் பெயின்ட் உரிந்த ஓரத்திலும் மட்டும் போதும். துரு வழிந்த கறைக்கு எண்ணெய் வண்ணத்தில் ஒரு சிறு புள்ளி வைத்து, டர்பன்டைனில் நனைத்துத் துடைத்த தூரிகையால் கீழ்நோக்கி இழுங்கள்.

கடைசியாக மேட் வார்னிஷ், அதாவது பளபளக்காத வார்னிஷ். மழை பெய்யும் மாலையில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அது வெண்மையாகப் பூத்துவிடும். வெயில் ஏறிய பிறகு அடியுங்கள். லாரியின் சரக்குப் பெட்டி அலுமினியமாக இருந்தால் அதில் செந்துரு வேண்டாம். அலுமினியம் அப்படித் துருப்பிடிக்காது, வெண்பொடிதான் பூக்கும். உங்கள் லாரி எந்த மாடல் என்று எழுதினால் கதவின் உள்தகடு எங்கே வரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.